அப்பாவுக்கு லீவு, பள்ளிக்கூடத்துக்கு இல்லை

சங்கரன்கோவில் ரயில் நிலையத்தில், மதியம் கேரளா பக்கம் போகிற ரயிலுக்காக நாங்கள் காத்து நின்றோம். ஆடி மாதத்துக் காற்று. யாரோ குடித்துப்போட்ட காகிதக் கப் ஒன்று பிளாட்பாரம் முழுக்க உருண்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கையால் சேலைத் தலைப்பையும் இன்னொரு கையால் என் மகன் கவினையும் பிடித்திருந்தேன். அவன் அப்போது நான்காம் வகுப்பு. புதுச் சட்டை போட்டு, அவன் அப்பா மஸ்கட்டிலிருந்து வாங்கி வந்த கறுப்புக் கண்ணாடியையும் மாட்டியிருந்தான். அது மூக்கில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது.

என் கணவர் செல்வம் பெட்டிகளுக்கு நடுவில் நின்று நிலைய வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் மூத்தவள் யாழினி வரவேண்டும். பத்தாம் வகுப்பு. காலையில் கணக்கு டெஸ்ட் இருக்கிறது, எழுதிவிட்டு நேரே ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவளுடைய உடுப்புகள் எங்கள் பெட்டியில் இருந்தன.

வந்தாள். என் தங்கை வசந்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து இறங்கினாள். இரட்டைப் பின்னல், நீலச் சீருடை, முதுகில் புத்தகப் பை. அத்தனை பேர் நின்ற பிளாட்பாரத்தில் சீருடையில் நின்றது அவள் ஒருத்திதான்.

"வா மக்ளே, டெஸ்ட் எப்படி எழுதின?" என்றார் இவர்.

"நல்லா எழுதினேன்."

"பைய இங்கன வை. தோள் வலிக்கும்லா."

அவள் பையை இறக்கவில்லை. வாரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"நான் வரலப்பா. நீங்க போயிட்டு வாங்க. நான் சித்தி வீட்டுல இருந்துக்கிடுதேன்."

வசந்தி ஸ்கூட்டரை அணைக்காமல் தூரத்திலேயே நின்றதன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இவருடைய லீவு

இந்தத் தொடரில் என் வீட்டுக்காரரைப் பற்றி இதுவரை அதிகம் எழுதியதில்லை. அவர் வீட்டில் அதிகம் இருந்ததில்லை என்பதுதான் காரணம்.

கல்யாணமான மறுவருஷமே மஸ்கட் போனவர். ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு மாதம் லீவு. அந்த ஒரு மாதம் எந்த மாதம் என்று தீர்மானிப்பது கம்பெனி. இவர் கேட்பது ஏப்ரல் அல்லது மே. கிடைப்பது ஆடி, ஐப்பசி, மாசி. நம் ஊரில் வெயில் ஏறும் மாதத்தில் அங்கேயும் வெயில் ஏறும். ஏசி மெக்கானிக்குக்கு அப்போதா லீவு தருவார்கள்?

ஆகவே அவர் வருகிற மாதம் எல்லாம் பள்ளிக்கூடம் நடக்கிற மாதம். நான் அதே ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பிள்ளைகள் இருவரும் அங்கேதான் படித்தார்கள். காலையில் நாங்கள் மூன்று பேரும் கிளம்பிப் போய்விடுவோம். இரண்டு வருஷம் காத்திருந்து வந்த மனிதர் தனியாக வீட்டில் இருப்பார். பக்கத்துத் தெருவில் ஓடும் தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, டி.வி.யை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற ஃபேனையெல்லாம் கழற்றித் துடைத்து மாட்டுவார். யாழினிக்குச் சிறப்பு வகுப்பு, அது முடிந்தால் டியூஷன். அவள் வீட்டுக்கு வரும்போது கண் செருகும். சாப்பிட்டுக்கொண்டே தூங்குவாள்.

"அங்க இருந்தா போன்லயாவது பாக்கேன். இங்க வந்தா அதுவும் இல்ல" என்றார் ஒருநாள், சிரித்துக்கொண்டுதான்.

அந்தத் தடவை ஆடித் தபசுத் திருவிழா முடிந்து ஊர்க் கூட்டம் வடிந்த சமயத்தில் வந்தார். வந்த மறுநாளே சொல்லிவிட்டார்.

"தனம், நாலஞ்சு நாளு எங்கயாவது போவோம். கொல்லம், ஆலப்புழைன்னு போட்டுல ஒரு ரவுண்டு. பிள்ளைகளுக்கு லீவு போடு."

எனக்கு உடனே சரி என்று சொல்லத் தோன்றியது. உடனே முடியாது என்று சொல்லவும் தோன்றியது. இரண்டில் எது முதலில் தோன்றியது என்று இப்போது கேட்டால் தெரியவில்லை.

காரணம் கேட்கிற வேலை

ஏன் என்று கேட்டால், லீவு போடுகிற பெற்றோரிடம் காரணம் கேட்பது என் வேலை.

ஆடி, ஆவணி வந்தால் எங்கள் வகுப்பறைகளில் ஓட்டை விழும். கரிவலம்வந்தநல்லூர் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகளைக் காணவில்லை என்றால் ஊரில் கோவில் கொடை விழா என்று அர்த்தம். "சாமி கொடை மிஸ்" என்று மறுநாள் கையில் கயிற்றோடு வந்து நிற்பார்கள். அதற்கு என்ன சொல்ல முடியும்? நானே கோமதி அம்மனுக்கு மாவிளக்கு எடுக்க லீவு போட்டவள்.

மேலநீலிதநல்லூர் பக்கத்திலிருந்து பேச்சி என்று ஒரு பெண் வந்தாள். ஐந்தாம் வகுப்பு. அவர்கள் வீட்டில் நிறைய ஆடு. மழை இல்லாத காலத்தில் குடும்பத்தோடு ஆட்டைப் பத்திக்கொண்டு மேற்கே மலையடிவாரத்துப் பக்கம் போய், வயல்காரர்கள் இடம் கொடுக்கிற இடத்தில் ஆட்டை அடைத்துத் தங்குவார்கள். அவளுடைய அப்பா வந்து, பிள்ளையைக் கூட்டிப் போகிறேன் என்றார்.

"படிப்பு கெட்டுப் போகுமே அண்ணாச்சி" என்றேன்.

"கெடும்தான் டீச்சர். யார்கிட்ட விட்டுட்டுப் போக? நீங்களே ஒரு வழி சொல்லுங்க, கேட்டுக்கிடுதேன்."

அவர் மரியாதையாகத்தான் கேட்டார். எனக்குத்தான் வழி தெரியவில்லை.

பேச்சி திரும்பி வந்தபோது பின்னப் பாடம் முடிந்துவிட்டது. அந்தப் பாடம் அவளுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஆனால் மதிய உணவு நேரத்தில் அவளைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருக்கும். ஆட்டுக்குட்டியை நரி தூக்கிக்கொண்டு போன கதையை அவள் சொல்லும்போது சாப்பாட்டைக்கூட மறந்து பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கும். நானும் ஒரு நாள் ஜன்னலோரம் நின்று கேட்டேன். அவளுக்கு லாபமா நஷ்டமா என்று கூட்டிக் கழித்துப் பார்த்தேன். விடை வரவில்லை.

ஒரு வேலை நாளில் கடல்

சீருடை என்றதும் என் அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத் தோன்றுகிறது.

அப்பா தையல்காரர். கோடை விடுமுறை என்றால் ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொண்டாட்டம், எங்கள் வீட்டில் மட்டும் வீடு முழுக்க நீலத் துணியும் காக்கித் துணியும் மலைபோலக் குவிந்திருக்கும். பள்ளி திறப்பதற்குள் சீருடைகளைத் தைத்துக் கொடுக்க வேண்டும். தீபாவளிக்கு அதைவிட மோசம். பள்ளிக்கூடம் மூடினால் அப்பாவுக்கு வேலை, திறந்தால் ஓய்வு.

அதனால் ஒரு வருஷம், பள்ளி நடந்துகொண்டிருந்த ஒரு வேலை நாளில், கடையைப் பூட்டிவிட்டு என்னையும் வசந்தியையும் அம்மாவையும் கன்னியாகுமரிக்குக் கூட்டிப் போனார். நான் முதல்முதலில் கடல் பார்த்தது அன்றைக்குத்தான்.

அன்று வகுப்பில் தசமப் புள்ளி நடத்தினார்களாம். இன்றைக்கும் எனக்குப் புள்ளி வைத்த வகுத்தல் என்றால் ஒரு நிமிஷம் கை தயங்கும். கடலைப் பற்றிக் கேட்டால் தயங்காமல் சொல்வேன்: உப்புக் காற்று, சுண்டல், மணலில் துண்டை விரித்து அப்பா படுத்துக்கொண்டது.

இதையெல்லாம் வசந்தியிடம் சொன்னபோது, "அப்பா படுக்கவே இல்லக்கா. ஆரம்பத்துலயிருந்து கடைசிவரைக்கும் நின்னுக்கிட்டே இருந்தாங்க. நம்ம ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள போயிருவோமோன்னு" என்றாள். யார் நினைவு சரி? கேட்பதற்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. படிப்பை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்த அந்த ஒரு நாளைக்கூட நாங்கள் ஒழுங்காக நினைவில் வைத்திருக்கவில்லை.

தலைமையாசிரியையின் பதில்

யாழினியிடம் பயணத்தைப் பற்றிச் சொன்னபோது, "டெஸ்ட் இருக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

"ஒரு டெஸ்ட்தான மக்ளே. அப்பா டீச்சர்கிட்ட சொல்லுதேன்" என்றார் இவர்.

அவள் தட்டில் இருந்த தோசையை சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். கவின் மட்டும் அன்றிலிருந்தே படகு வரைய ஆரம்பித்துவிட்டான்.

எனக்கு என் தலைமையாசிரியையிடம் கேட்கக் கூச்சம். நான் கேட்டால் அது ஆசிரியை கேட்பதா, தாய் கேட்பதா? கடைசியில் இவரே இஸ்திரி போட்ட சட்டையோடு பள்ளிக்கு வந்தார். தலைமையாசிரியை ஓய்வு பெறும் வயதில் இருந்தார். கண்டிப்பானவர். நானும் ஓரமாக நின்றேன், தப்பு செய்த பிள்ளை மாதிரி.

"பத்தாங்கிளாஸ் சார். பப்ளிக் எக்ஸாம். ஒரு பிள்ளைக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க. உங்க வீட்டம்மாவே டீச்சர். அவங்களே இப்படிச் செய்தா நான் மத்தவங்ககிட்ட எந்த வாயால பேச?"

"புரியுது மேடம். நான் ஊர்ல இருக்கதே ஒரு மாசம். அதுல பாதி போயிட்டு. அடுத்து நான் வரும்போது அவ காலேஜுக்குப் போற வயசாயிருவா."

தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "என் மகளுக்கு நான் ஒரு நாள்கூட லீவு போட விட்டதில்ல சார். ஜுரத்தோட கூட அனுப்பியிருக்கேன். நல்லாத்தான் படிச்சா. இப்ப பெங்களூர்ல நல்ல வேலை. வாம்மா ஒரு வாரம் அம்மாகூட இருன்னு கூப்பிட்டா, லீவு இல்லம்மாங்கா."

இவர் முகம் மலர்ந்தது. அனுமதி கிடைத்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

"அதனால உங்களுக்குச் சரின்னு சொல்லுதேன்னு நினைக்காதீங்க" என்று கண்ணாடியை மறுபடியும் மாட்டினார். "நான் சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. பிள்ளைய நல்லபடியா கூட்டிட்டுப் போயிட்டு வந்து சேருங்க."

வெளியே வந்ததும் இவர் கேட்டார். "ஏட்டி, இப்ப அந்தம்மா என்ன சொன்னாங்க?"

எனக்கும் தெரியவில்லை.

ரயில் வந்தது

இப்படித்தான் அன்று மதியம் பிளாட்பாரத்தில் வந்து நின்றோம். "நான் வரலப்பா" என்று அவள் சொல்லி முடிக்கவும், தூரத்தில் ரயில் தெரியவும் சரியாக இருந்தது.

"டெஸ்ட் முடிஞ்சிட்டுல்லா? இனி என்ன?" என்றேன்.

"நாளைக்கு சயின்ஸ் இருக்கும்மா. நாளன்னைக்கு ரிவிஷன்."

"இத முன்னாலயே சொல்லக்கூடாதா? இப்ப வந்து நின்னுக்கிட்டு..."

"சொன்னேன். நீங்க யாரும் கேக்கல."

அவள் குரல் உயரவில்லை. எனக்குத்தான் குரல் உயர்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பூக்கூடையோடு நின்ற பெண்கள் எங்களையே பார்த்தார்கள். கவின் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழ ஆயத்தமானான்.

இவரோ ரயில் வந்து நின்றதும் பெட்டிகளைத் தூக்கி உள்ளே வைத்தார். கவினைத் தூக்கி ஜன்னலோரம் உட்காரவைத்தார். "ஏறு தனம், நின்னுக்கிட்டு இருக்காத" என்று என்னை ஏற்றினார். யாழினியை எப்படியாவது சமாதானம் செய்து ஏற்றிவிடுவார் என்று நினைத்துக்கொண்டு ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவர் கீழே நிற்கிறார்.

"நீங்க ஏறல?"

"நான் இவகூட இருக்கேன். அவன் ஆசையா படமெல்லாம் வரைஞ்சு வச்சிருக்கான், ஏமாத்த வேண்டாம். நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க."

"உங்களுக்காகத்தான இவ்வளவும்! நீங்க இல்லாம நாங்க எதுக்கு?"

அவர் பதில் சொல்வதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. இறங்கத் தைரியம் இல்லை. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். அவரும் அவளும் ஒரு ஆள் நிற்கிற இடைவெளி விட்டு நின்றார்கள். இரண்டு பேரும் கை அசைத்தார்கள். ஒரே மாதிரி, மணிக்கட்டை மட்டும் ஆட்டி. அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

போனுக்குள் அப்பா

செங்கோட்டை தாண்டியதும் சாரல். குகைக்குள் ரயில் நுழையும்போதெல்லாம் கவின் கத்தினான். பெட்டியில் இருந்த மற்ற பிள்ளைகளும் கத்தின. அந்த நேரத்துக்கு எனக்குக்கூட எல்லாம் மறந்துபோனது. வெளிச்சம் வந்ததும் மறுபடியும் நினைவு வந்தது.

கொல்லத்தில் தங்கினோம். மறுநாள் படகில் போனோம். காயல் தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடந்தது. தென்னை மரங்கள் தண்ணீரைத் தொடுகிற மாதிரி சாய்ந்திருந்தன. படகுக்காரர் தமிழும் மலையாளமும் கலந்து பேசி, கவினைச் சுக்கான் பிடிக்க விட்டார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நான் கையில் போனை வைத்துக்கொண்டு, இவர் எப்போது அழைப்பார் என்று உட்கார்ந்திருந்தேன்.

அழைத்தார். வீடியோவில். பின்னால் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னல் தெரிந்தது.

"ஏலே கவினு, போட் ஓட்டுதியாமே! காட்டு பாப்போம்."

கவின் போனைத் திருப்பிக் காட்டினான். தண்ணீர், தென்னை, படகுக்காரர், கொக்கு. இவர் ஒவ்வொன்றுக்கும் "ஆஹா, ஆஹா" என்றார். "அக்கா எங்க?" என்று கேட்டான். ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள் என்றார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. அவர் முகம் வாய் திறந்தபடி அப்படியே நின்றுபோனது. கவின் அந்த நின்றுபோன முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். போனை என் மடியில் வைத்தான்.

"அம்மா, அப்பா ஊருக்கு வந்தாலும் போன்லதான் வருவாங்களா?"

படகுக்காரருக்குப் புரிந்திருக்க வேண்டும். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

நான் அவனை என்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். இந்த மனிதர் கடல் தாண்டி வந்திருக்கிறார். பிள்ளையோடு இருக்க வேண்டும் என்றுதான் இந்தப் பயணம். பிள்ளைக்காக இவர் அங்கே இருக்கிறார், பிள்ளைக்காக நான் இங்கே இருக்கிறேன். யாருக்கு யார் லீவு போட்டிருக்கிறோம்? ஆலப்புழை அப்படியே நிற்கட்டும் என்று தோன்றியது. மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறிவிட்டோம். இவரிடம் சொல்லவில்லை. சொன்னால், இருந்து பார்த்துவிட்டு வா என்பார்.

"இன்னைக்கு என்ன கிழமை?"

தென்காசியில் பஸ் மாறி, சங்கரன்கோவிலில் வந்து இறங்கும்போது மதியம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. தறிச் சத்தம் மட்டும் கேட்டது. வீட்டுக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. வாசலில் இவருடைய செருப்பு. பக்கத்தில் யாழினியின் பள்ளிக்கூட ஷூ.

பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில் ஷூ ஏன் வீட்டில் இருக்கிறது?

 உடம்புக்கு என்னவோ என்று நினைத்தேன். கதவைத் தள்ளினேன்.

கூடத்தில் பாய் விரித்து இரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு ஓரம், அவள் ஒரு ஓரம். டி.வி. சத்தம் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. புரோட்டா பொதிந்து வந்த வாழை இலை மடித்து வைத்திருந்தது. யாழினி பழைய நைட்டியில், பின்னல் அவிழ்ந்து, வாய் கொஞ்சம் திறந்து, சின்ன வயதில் தூங்குகிற மாதிரி தூங்கினாள். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை.

தொட்டதும் கண் விழித்தாள். என்னைப் பார்த்தாள். கவினைப் பார்த்தாள். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்தாள்.

"அம்மா? இன்னைக்கு என்ன கிழமை?"

"அத நான் கேக்கணும். ஸ்கூலுக்குப் போகலையா நீ?"

அதற்குள் இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "நீங்க கொல்லத்துல இல்லையா?"

"இருந்தா இங்கன நிப்போமா?"

"நாந்தான் இன்னைக்குப் போக வேண்டாம்னேன்" என்றார் இவர், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"இல்லம்மா. நாந்தான் போகலன்னேன்" என்றாள் அவள்.

"நீ எங்க சொன்ன? நான்லா சொன்னேன்."

"நான் சொன்ன பிறகுதான் நீங்க சொன்னீங்க."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. எனக்குக் கோபப்பட வேண்டும்போல இருந்தது. அப்பா வலிய வந்து கூப்பிட்ட பயணத்துக்கு டெஸ்ட் இருக்கிறது என்று மறுத்தவள், ஒன்றுமே இல்லாத ஒரு நாளில் வீட்டில் படுத்துத் தூங்குகிறாள்! ஆனால் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்று யோசித்தால், அவளுக்குப் பல் விழுந்த வயது நினைவுக்கு வந்தது. கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

கவின் பையைத் தூக்கி எறிந்துவிட்டு அப்பாவின் மேல் ஏறி விழுந்தான். "அப்போ நாளைக்கு நானும் ஸ்கூலுக்குப் போகமாட்டேன்."

அவன் போகவில்லை. என் லீவு முடியவில்லை, நானும் போகவில்லை. யாழினி மட்டும் காலையில் எழுந்து, பின்னல் போட்டு, விட்ட ரிவிஷனையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். இவர் பைக்கில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். "கெஞ்சிக் கேட்டாலும் இந்தப் பிள்ளை லீவு போடாது போலிருக்கு" என்றார். முந்தின நாள் போட்டதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

பேசாத போன்

அதன் பிறகு லீவு சீக்கிரம் ஓடிவிட்டது. இவர் திருவனந்தபுரம் விமானத்துக்குக் கிளம்பிய நாளும் ஒரு பள்ளி நாள்தான். வேன் பள்ளிக்கூட வாசலில் நின்றது. யாழினி வகுப்பிலிருந்து வந்து, வேன் ஜன்னலில் கை வைத்து நின்றாள். "போயிட்டு வாரேன் மக்ளே" என்றார். "சரிப்பா" என்றாள். மணி அடித்ததும் போய்விட்டாள். நான் அடுத்த பீரியட் ஆறாம் வகுப்புக்குப் போய் என்ன பாடம் நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை.

அவள் பொதுத்தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினாள். அந்த ஒரு நாள் தூங்கியதால் குறையவும் இல்லை. கூடியதா என்று யாருக்குத் தெரியும்?

அதற்குப் பிறகு என் வகுப்புப் பெற்றோர் யாராவது லீவு கேட்டு வந்தால், நான் முன்பு போலவே காரணம் கேட்கிறேன். அவர்கள் சொல்கிறார்கள். சரி என்று சொல்ல வாய் வருகிறது, படிப்பு கெடும் என்று சொல்லவும் வாய் வருகிறது. இரண்டையும் சொல்லிவிட்டு அனுப்புகிறேன். அவர்கள் குழம்பிப்போய்த்தான் திரும்பிப் போகிறார்கள்.

வீட்டில் ஒரு புது வழக்கம் மட்டும் வந்தது. முன்பெல்லாம் இவர் அழைத்தால் யாழினி வந்து, "சாப்பிட்டாச்சா, நல்லாருக்கேன், அம்மாகிட்ட குடுக்கேன்" என்று மூன்று வார்த்தை பேசிவிட்டு ஓடிவிடுவாள். இப்போது சாயங்காலம் அவளே அழைக்கிறாள். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு அவள் பாட்டுக்குப் படிக்கிறாள். அங்கே அவர் வெங்காயம் நறுக்குகிறார், துணி காயப்போடுகிறார். இரண்டு பேரும் பேசுவதே இல்லை. முதலில் அழைப்பு துண்டிக்க மறந்துவிட்டாள் என்று நினைத்து நான் அணைக்கப் போனேன். "அம்மா, விடுங்க. அப்பா இருக்காங்க" என்றாள்.

ஒரு நாள் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடித்துக்கொண்டிருந்தேன். அவளும் உட்கார்ந்து மடித்தாள். அப்போது கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு ஏன்டி வரமாட்டேன்னு சொன்ன? நிஜமாவே டெஸ்ட்டுக்குத்தானா?"

அவள் ஒரு தலையணை உறையை மடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"டெஸ்ட் இருந்துச்சும்மா. ஆனா அதில்ல. நாலு நாளு ஒரே ரூம்ல, ரயில்ல, போட்டுல... அப்பாகூட என்ன பேசதுன்னு எனக்குத் தெரியல. பயமா இருந்துச்சு."

நான் மடிப்பதைப் பாதியில் நிறுத்தினேன். "அப்புறம்?"

"நீங்க போன பிறகு மறுநாள் காலைல அப்பா எனக்கு தோசை சுட்டாங்க. திடீர்னு சொல்லிட்டேன். உங்ககூட என்ன பேசதுன்னு தெரியலப்பான்னு. எனக்கு அழுகை வந்துட்டு."

"அவுக என்ன சொன்னாங்க?"

"எனக்கும் தெரியல மக்ளேன்னாங்க. அவங்களும் ரொம்ப நாளா பயந்துக்கிட்டு இருந்தாங்களாம். லீவுல வாரதுக்கு முந்தி, என்ன பேசலாம்னு அங்க ஃப்ரெண்டுகிட்ட எல்லாம் கேட்டாங்களாம்."

"அப்புறம் என்னதான் பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல. ரெண்டு பேருக்குமே பேசத் தெரியாதுன்னு தெரிஞ்ச பிறகு நிம்மதியா இருந்துச்சு. அடுத்த நாள் புரோட்டா வாங்கிச் சாப்பிட்டு, தூங்கிட்டோம்."

அவள் எழுந்து மடித்த துணிகளை அலமாரிக்கு எடுத்துப் போனாள். என் கையில் கவினின் பள்ளிச் சட்டை இருந்தது. பாதி மடித்திருந்தேன். எந்தப் பக்கம் மடித்தேன் என்று தெரியவில்லை. உதறிவிட்டு முதலிலிருந்து மடித்தேன்.